செதுக்கு வேலைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? கலைநய மரச்சாமான் முதன்முதலாக வாங்குவோருக்கு

சென்ற தை மாதம் என் தங்கை மகள் புதுவீட்டுக்கு ஊஞ்சல் பார்க்கக் கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். ஒரே கடையில், ஒரே வரிசையில் இரண்டு ஊஞ்சல்கள். இரண்டும் ஐந்தடி நீளம், இரண்டடி அகலம். இரண்டிலும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். முதலாவதன் விலை 32,000 ரூபாய். இரண்டாவது 1,45,000. அதன் முதுகுப் பலகையில் மயில்கள், கைப்பிடியில் யாளி முகம், பித்தளைச் சங்கிலியில் கிளியும் யானையும் மணிகளும். "பெரியம்மா, இந்த மயிலுக்கா ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம்?" என்று கேட்டாள்.

நின்ற இடத்தில் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த இரண்டு மாதங்களில் நான்கு கடைகளும் மூன்று பட்டறைகளும் ஏறி இறங்கினோம். அங்கே கண்டதையும், கடந்த இருபது ஆண்டுகளில் என் வீட்டுக்குச் சாமான் வாங்கிக் கற்றதையும் சேர்த்து இதை எழுதுகிறேன். முதன்முதலாக வாங்குகிறவர்கள் படிப்படியாகச் செய்து பார்க்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாமான் பயன்படும் இடத்திலேயே கலை இருந்தால் கூடுதல் பணம் கொடுங்கள். மேலே கொண்டுவந்து ஒட்டிய கலைக்குக் கொடுக்காதீர்கள். பத்தமடைப் பாயை எண்ணிப் பாருங்கள். திருநெல்வேலி மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு கோரையையும் மெல்லிய இழைகளாகக் கிழித்து நெய்கிறார்கள். இழை மெலிய மெலிய விலை ஏறுகிறது. இழை மெலிவதால்தான் அந்தப் பாய் பட்டுத்துணி போல உடம்புக்கு இதமாகவும் இருக்கிறது. அழகுக்குச் செலவழித்த உழைப்பு அப்படியே படுப்பவர் முதுகுக்குப் போய்ச் சேருகிறது. சாதாரணப் பாயின் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்தாலும் அது வீண் செலவு ஆகாது. அதே நேரம், ஒரு பிளாஸ்டிக் பாயில் மயில் படம் அச்சிட்டு இரண்டு மடங்கு விலை சொன்னால் அங்கே நீங்கள் வாங்குவது படத்தை மட்டும்தான்.

முதல் படி: எந்தச் சாமானுக்கு?

கடைக்குப் போகும் முன் ஒரு வாரம் உங்கள் வீட்டைக் கவனியுங்கள். எந்தச் சாமானை உடம்பு எத்தனை மணி நேரம் தொடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் முதலிடம் நாற்காலிக்கு வரும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு எழுதும் மேசையும் சேரும். மாலையில் அனைவரும் கூடும் இடம் ஊஞ்சல் என்றால் அதுவும் வரும். பணம் போக வேண்டிய வரிசை இதுவே.

கட்டிலில் பலர் தவறு செய்கிறார்கள். எட்டு மணி நேரம் படுக்கிறோம் என்று சொல்லித் தலைமாட்டில் ஆலிலையும் அன்னமும் செதுக்கிய கட்டிலுக்கு லட்சங்களைக் கொடுக்கிறார்கள். படுப்பது மெத்தையில். தலைமாட்டுச் செதுக்கலில் தலையணை சாயும், எண்ணெய் படியும், பள்ளங்களில் தூசி அடையும். கட்டிலுக்கு உறுதியான சட்டமும் நேரான வழவழப்பான தலைமாட்டுப் பலகையும் போதும். மிஞ்சும் பணத்தில் நல்ல மெத்தை வாங்குங்கள். கண்ணாடிக் கதவு வைத்த காட்சி அலமாரி, வாசலோரச் சிறு மேசை போன்றவற்றை நாம் தொடுவதே இல்லை. அவற்றுக்கு எளிய வேலைப்பாடே அழகு.

அடுத்து உடம்பை அளந்துகொள்ளுங்கள். நாற்காலியில் உட்காரும்போது இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும்; முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். சராசரி நாற்காலியின் உயரம் 17, 18 அங்குலம். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். வெளிநாட்டு வடிவங்களில் இருக்கையின் ஆழமும் பல நேரம் நமக்குக் கூடுதலாக இருக்கும். எவ்வளவு புகழ்பெற்ற நாற்காலியாக இருந்தாலும் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

இரண்டாம் படி: விலையைப் பிரித்துப் போடுங்கள்

எந்தக் கலைப்பொருளின் விலையிலும் நான்கு பங்குகள் உண்டு: மரம், கைவேலை, பெயர், கடை. கடைக்காரர் ஒரே தொகையாகச் சொல்வார். பிரித்துப் பார்ப்பது நம் வேலை.

மரத்தின் கணக்கு எளிது. மரம் கன அடியில் விற்கிறது. ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம் உள்ள ஊஞ்சல் பலகையில் 1.25 கன அடி மரம் இருக்கிறது. ஐந்தை இரண்டால் பெருக்கினால் பத்து. ஒன்றரை அங்குலம் என்பது அடியில் எட்டில் ஒரு பங்கு. பத்தை எட்டால் வகுத்தால் 1.25. முதுகுப் பலகை, கைப்பிடி, சட்டங்கள் எல்லாவற்றையும் இப்படியே அளந்து கூட்டுங்கள். அறுப்பதிலும் இழைப்பதிலும் போகும் கழிவுக்குக் கால் பங்கு சேருங்கள். நாங்கள் பார்த்த ஊஞ்சலுக்கு மொத்தம் நான்கு கன அடி வந்தது. கன அடி 5,000 ரூபாய் என்று வைத்தாலும் மரத்துக்கு 20,000 ரூபாய்தான். இரண்டு ஊஞ்சலுக்கும் இதே மரம், இதே கணக்கு. மிச்சம் எங்கே போகிறது என்று அப்போதுதான் கேட்கத் தோன்றும்.

பித்தளைச் சங்கிலியை எடைக்கு விலை கேளுங்கள். ஒரு சிறு காந்தத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. சங்கிலிக்கு மட்டும் தனி ரசீது கேட்டபோது ஒரு கடையில் விலை அப்போதே 18,000 ரூபாய் இறங்கியது.

எடையும் ஒரு நல்ல சாட்சி. காய்ந்த தேக்கு ஒரு கன அடி ஏறக்குறைய 18 கிலோ. அந்த ஊஞ்சல் பலகை 23 கிலோவுக்கு அக்கம்பக்கமாக இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் சொன்ன கனம் இல்லை. மிகவும் கூடினால் மரம் இன்னும் ஈரமாக இருக்கிறது, அல்லது அது வேறு மரம்.

மூன்றாம் படி: மரத்தைப் படிக்கப் பழகுங்கள்

சாமானைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேல்பக்கம் பாலிஷும் சாயமும் பேசும். அடிப்பக்கத்தில் மரம் தானே பேசும். மரத்தின் நடுப்பகுதி வைரம், வெளிப்பகுதி வெளிறு. தேக்கின் வைரத்தில் எண்ணெய்ப் பசை இருப்பதால் கறையான் எளிதில் அண்டாது. வெளிறுக்கு அந்தக் காப்பு கிடையாது. மாவு போன்ற தூளைக் கொட்டி மரத்தை உளுத்துப்போகச் செய்யும் வண்டு முதலில் நுழைவது வெளிறில்தான். "நூறு சதவீதம் தேக்கு" என்று எழுதியிருக்கும் சாமானின் அடியில் வெள்ளைப் பட்டைகள் தெரிந்தால், அதுவும் தேக்குதான், பொய் சொல்லவில்லை. ஆனால் வைரத்தின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. வேகமாக வளர்த்து இளமையில் வெட்டிய தோட்டத்துத் தேக்கில் வெளிறு அதிகம்.

ஊர்ப்பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். பர்மா தேக்கு என்ற சொல் எல்லாக் கடையிலும் காதில் விழும். மியான்மர் அரசு வெட்டுமரமாக ஏற்றுமதி செய்வதை 2014இல் நிறுத்திவிட்டது. ஆகவே இன்று புதுச் சாமானைக் காட்டி யாராவது பர்மா தேக்கு என்றால், மரம் வாங்கிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். நிலம்பூர்த் தேக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு. அங்கே 1840களில் மலபார் ஆட்சியராக இருந்த கானலியின் காலத்தில் நட்ட தேக்குத் தோப்பின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. தேக்கு எப்படி நிமிர்ந்து நிற்கும் என்று பார்க்க ஒருமுறை போய்வரலாம்.

ஈட்டி மரம், அதாவது தோதகத்தி, கருஞ்சிவப்பும் கறுப்பு வரிகளுமாக மனத்தைக் கவரும். அதை வாங்குமுன் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் தோதகத்தி மரங்களைக் காப்பதற்கென்றே 1994இல் தனிச் சட்டம் வந்தது. அந்த மரப் பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டில் குடியேறும் எண்ணம் உள்ளவர்கள் ஈட்டிச் சாமான் வாங்கினால், எடுத்துச் செல்லும்போது அனுமதிச் சீட்டு கேட்கக்கூடும். ரசீதே இல்லாத புது ஈட்டிச் சாமான் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். எங்கோ ஒரு மலையில் திருட்டுத்தனமாக விழுந்த மரமாக அது இருக்கலாம்.

மரமா, மேலே ஒட்டிய மெல்லிய தாளா என்று அறிய விளிம்பைப் பாருங்கள். மேல்பரப்பில் ஓடும் ரேகை விளிம்பில் மடங்கி, குறுக்குவெட்டில் வளையங்களாகத் தொடர வேண்டும். அப்படித் தொடராமல் விளிம்பில் தனிப் பட்டை ஒட்டியிருந்தால் உள்ளே பிளைவுட்டோ, மரத்தூளை அழுத்திச் செய்த தூள்பலகையோ இருக்கிறது. பிளைவுட் கெட்ட பொருள் இல்லை. சமையலறை அலமாரிக்கு, தண்ணீர் தாங்கும் தரத்தைக் குறிக்கும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட் பல நேரங்களில் மரத்தைவிடப் பொருத்தமானது. பிளைவுட்டுக்கு மரத்தின் விலை கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நான்காம் படி: செதுக்கல் யார் செய்தது?

இங்கேதான் அதிகப் பணம் கைமாறுகிறது. இன்று சந்தையில் மூன்று வகைச் செதுக்கல்கள் கிடைக்கின்றன: உளி பிடித்த கை செய்தது, கணினி ஓட்டும் இயந்திரம் செய்தது, அச்சில் வார்த்து ஒட்டியது.

கை வேலையில் இடது மயிலும் வலது மயிலும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. ஓர் இறகு கொஞ்சம் உயரும், ஒரு கண் கொஞ்சம் சாயும். பள்ளத்தின் அடியில் உளி நின்ற தடம் தெரியும். முக்கியமாக, இதழுக்கும் இறகுக்கும் அடியில் குடைந்திருப்பார்கள்; விரலை விட்டால் நகம் உள்ளே போகும். மேலிருந்து மட்டும் இறங்கும் இயந்திர முனையால் அப்படிக் குடைய முடியாது. இயந்திர வேலையில் உள்மூலைகள் எல்லாம் ஒரே அளவில் உருண்டிருக்கும்; சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய இணைகோடுகள் சீராக ஓடும். கைப்பேசி விளக்கைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள், உடனே தெரிந்துவிடும். வார்த்து ஒட்டியதில் மரத்தின் ரேகையே இருக்காது. சாயம் மட்டும் இருக்கும்.

இயந்திரச் செதுக்கலை வாங்குவதில் தவறு எதுவும் இல்லை. சீராக இருக்கும், விரைவில் கிடைக்கும். ஆனால் அதே கோப்பிலிருந்து நாளைக்கு நூறு பலகைகள் வரும். அதற்குக் கைவேலையின் விலை சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. காரணம், அந்தப் பணம் போக வேண்டிய கைகளை நான் பார்த்திருக்கிறேன். சேலம் மாவட்டம் தம்மம்பட்டியிலும் பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரிலும் மரச்சிற்பம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. இரண்டு ஊர் வேலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. ஒரு மயிலின் கழுத்து வளைவை மட்டும் ஒருவர் அரை நாள் இழைத்துக்கொண்டிருந்ததை ஒரு பட்டறையில் பார்த்தோம். என் தங்கை மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செதுக்கல் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முழங்கை படும் இடத்தில், தொடை உரசும் இருக்கை விளிம்பில், முதுகு சாயும் நடுப்பகுதியில் புடைப்புச் செதுக்கல் இருந்தால் அது உடம்புக்குப் பகை. யாளி முகம் கைப்பிடியின் நுனியில், உள்ளங்கை தானாகப் போய் மூடும் அளவில் உருண்டிருந்தால் அது தோழமை. பழைய தச்சர்கள் இதை அறிந்திருந்தார்கள். கடைசல் பிடித்த கால்களும் உருண்டை நுனிகளும் கண்ணுக்கு மட்டும் பிறந்தவை அல்ல.

ஐந்தாம் படி: மூட்டுகளைச் சோதியுங்கள்

பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் தேக்கு அலமாரி வாங்கினேன். இரண்டு கதவிலும் ஒற்றைப் பலகையில் செதுக்கிய பூங்கொடி. பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்டார்கள். இரண்டாவது கோடையில் இடது கதவு மேலிருந்து கீழாகப் பிளந்தது. கடையில் "வெயில் அதிகம்" என்றார்கள். பிறகு ஒரு முதிய தச்சர் வந்து பார்த்துக் காரணத்தைச் சொன்னார். மரம் ஈரக்காற்றில் அகலவாக்கில் விரியும், வறண்டால் சுருங்கும். அகலப் பலகையைச் சட்டத்தில் வெட்டிய நீள்பள்ளமான காடிக்குள் தளர்வாக மிதக்க விட வேண்டும். என் அலமாரியில் சுற்றிலும் ஆணி அடித்து, பசையும் போட்டுக் கட்டியிருந்தார்கள். சுருங்க வழியில்லாத பலகை, பூங்கொடியின் மெலிந்த பள்ளத்தில் பிளந்துகொண்டது. 78,000 ரூபாய் கொடுத்த வேலைப்பாட்டின் நடுவே இன்றும் அந்தக் கோடு இருக்கிறது.

அதனால் இந்தப் படியை அவசரமாகக் கடக்காதீர்கள். நாற்காலியை எதிரெதிர் மூலைகளில் பிடித்து அசையுங்கள். முனகல் கேட்கக் கூடாது. அதன் இரண்டு பின்கால்களில் சாய்த்துப் பாருங்கள். இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து மூலையைப் பாருங்கள். புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தால் உழைத்துச் செய்திருக்கிறார்கள். வெறும் ஆணியும் பசையும் என்றால் முன்பக்கச் செதுக்கல் எதையோ மறைக்கிறது. ஒரு கட்டையில் துளையிட்டு மற்றதன் முனையை அதில் இறக்கிய மூட்டு பல தலைமுறை நிற்கும். தளர்ந்தாலும் கழற்றிச் சரிசெய்யலாம். தூள்பலகையில் ஏற்றிய திருகாணி ஒருமுறை கழன்றால் மறுபடி பிடிக்காது. இரண்டு முறை வீடு மாறினால் அந்தச் சாமானின் ஆயுள் முடிந்துவிடும்.

கதவுப் பலகையைக் கையால் மெல்ல அழுத்தினால் காடிக்குள் இம்மியளவு நகருகிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் நல்லது. மரத்தின் ஈரப்பதத்தையும் கேளுங்கள். அதை அளக்கும் சிறு கருவி நல்ல பட்டறைகளில் இருக்கும். நம் ஊர்க் காற்றுக்கு 12 சதவீதம் அளவில் இருப்பது நல்லது. 18, 20 என்று காட்டினால் அந்த மரம் உங்கள் வீட்டில்தான் காயப்போகிறது.

ஆறாம் படி: பெயருக்கு என்ன விலை?

பெயர் பெற்ற வடிவமைப்பாளரின் நாற்காலி என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்பார்கள். சண்டிகர் நாற்காலியின் கதையைத் தெரிந்துகொண்டால் இதில் தெளிவு வரும். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே அந்த நகரத்தைத் திட்டமிட்டபோது அவருடைய உறவினரான பியர் ஜான்னரே 1951 முதல் அங்கே தங்கி வேலை பார்த்தார். அரசு அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தேக்கும் பிரம்பும் கொண்டு எளிய நாற்காலிகள் அவருடைய பொறுப்பில் உருவாயின. கவிழ்த்த 'வி' போன்ற கால்கள், பிரம்பு பின்னிய இருக்கை. எழுத்தர்கள் உட்கார்ந்து கோப்பு பார்த்த சாதாரண நாற்காலி அது. பிறகு உடைந்தவை மொட்டைமாடிகளில் குவிந்தன. கழிவுச் சரக்காக ஏலம் போயின. ஐரோப்பிய வணிகர்கள் அவற்றை வாங்கிச் செப்பனிட்டு விற்றார்கள். இன்று வெளிநாட்டு ஏலங்களில் அவை பல லட்சம் ரூபாய்க்குப் போகின்றன. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் சண்டிகரின் பாரம்பரியச் சாமான்களை விற்கத் தடை விதித்தது.

நாற்காலி மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த பேச்சு மாறியது. ஆகவே உங்களுக்கு அந்த வடிவம் பிடித்திருந்தால், அதே அளவில் நல்ல தேக்கில், நல்ல பிரம்புப் பின்னலில் ஒரு தச்சரிடம் செய்துகொள்ளுங்கள். அசல் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்த நாற்காலிகளில் அலுவலகக் குறியீடுகளை வண்ணத்தில் எழுதியிருந்தார்கள். வண்ணம் எல்லோரிடமும் இருக்கிறது. இந்தியாவில் பதிவுசெய்த வடிவத்துக்கு அதிகபட்சம் 15 ஆண்டுதான் பாதுகாப்பு என்பதால், பழைய வடிவங்களைப் பின்பற்றிச் செய்வது பரவலாக நடக்கிறது. ஆனால் பிரதியை அசல் என்று சொல்லி விற்பது ஏமாற்று.

பெயரும் உழைப்பும் ஒன்றுசேரும் இடங்களும் உண்டு. டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடித்த, முதுகில் கவட்டைக்கம்பு போல விரியும் சாப்பாட்டு நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு இருக்கையில் ஏறக்குறைய 120 மீட்டர் காகிதக் கயிறு கையால் பின்னப்படுகிறது. அந்தக் கவட்டையே முதுகைத் தாங்கும் உறுப்பு. அலங்காரத்துக்கென்று அதில் தனியாக எதுவும் இல்லை. அதன் விலை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது. ஆயினும் அது வீண் விலை என்று என்னால் சொல்ல முடியாது. மறுபக்கம் மரத்தை வளைத்து நாற்காலி செய்த ஜெர்மானியத் தச்சர் மைக்கேல் தோனெட்டின் 1859ஆம் ஆண்டு நாற்காலி இருக்கிறது. ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள். கழற்றி அடுக்கினால் 36 நாற்காலிகள் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் அடங்கும். ஆவியில் வளைத்த அந்த மர வளைவைவிட அழகான நாற்காலி முதுகு அரிது. அது காபிக்கடைக்காகப் பிறந்த மலிவுச் சாமான்! அழகுக்கும் விலைக்கும் கட்டாய உறவு ஒன்றும் கிடையாது.

ஏழாம் படி: பழைய சாமான் வாங்கலாமா?

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் கடை கடையாகப் பழம்பொருட்கள். நகரத்தார் வணிகம் செய்யப் போன நாட்களில் கப்பலில் வந்த பர்மா தேக்கில் கடைந்த சாய்வு நாற்காலி, எழுத்துப் பெட்டி, கணக்குப் பிள்ளை மேசை எல்லாம் அங்கே கிடைக்கும். இவ்வளவு முற்றிய மரத்தில் புதுச் சாமான் இன்று கிடைப்பது அபூர்வம். ஒரே விலையில் புதுச் செதுக்கு நாற்காலியும் பழைய சாய்வு நாற்காலியும் கிடைத்தால் நான் பழையதைத்தான் எடுப்பேன்.

பார்க்க வேண்டியவை: நான்கு காலும் ஒரே மரமா, ஒரு கால் மட்டும் புதிதாகச் சாயம் ஏற்றியதா? அடியில் புள்ளிப் புள்ளியாகத் துளைகள் உண்டா? தட்டினால் புதுத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்றச் சாமானுக்கும் பரவும். திருகாணிகள் எல்லாம் பளபளவென்று புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகக்கூடும். அப்படிப்பட்டதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

நிலைக்கதவையும் தூணையும் வெட்டிக் கண்ணாடி போட்டு மேசை ஆக்கியதை மட்டும் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இடித்த ஒரு வீடு இருக்கிறது. அந்த மேசைக்குக் கிராக்கி இருக்கும் வரை அடுத்த வீட்டுத் தூணுக்கும் விலை பேசுவார்கள்.

எட்டாம் படி: தச்சரிடம் சொல்லிச் செய்வது

நாங்கள் முடிவில் எடுத்த வழி இது. பணமும் மனமும் நிறைந்த வழி என்பேன், பொறுமை மட்டும் வேண்டும். எங்கள் ஊஞ்சலுக்கு மூன்றரை மாதம் ஆயிற்று.

முதலில் அளவுகளோடு படம் வரைந்து இருவரும் கையெழுத்திடுங்கள். மரத்தைத் தச்சரோடு போய் நீங்களே பார்த்து வாங்குங்கள், ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். பாலிஷ் போடும் முன் ஒருமுறை பட்டறைக்குப் போய்ப் பூச்சு இல்லாத வெறும் மரமாகப் பார்த்துவிடுங்கள். பாலிஷ் ஏறிய பிறகு வெளிறும் வெடிப்பும் தெரியாது. முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். செதுக்குபவர் வேறு ஆளாக இருந்தால் அவருடைய கூலியைத் தனியாகப் பேசி, அவர் கையிலேயே கொடுங்கள்.

எங்கள் ஊஞ்சலின் உட்காரும் பலகை ஒரு கோடும் இல்லாத வழவழப்பான வைரப் பலகை. விளிம்புகளை மட்டும் உருட்டியிருக்கிறோம். முதுகுச் சட்டத்தின் உச்சியில், யார் தலையும் சாயாத இடத்தில், இரண்டு மயில்களைக் கையால் செதுக்கினார் ஒருவர். மொத்தம் 81,000 ரூபாய். அதில் செதுக்கியவருக்குப் போனது 22,000. கடையில் பார்த்த 1,45,000 ரூபாய் ஊஞ்சலின் மயில்கள் இயந்திரம் செய்தவை என்பது இதற்குள் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒன்பதாம் படி: ஆண்டுக் கணக்கு

விலையை ஆயுளால் வகுத்துப் பாருங்கள். 12,000 ரூபாய்த் தூள்பலகை மேசை ஆறு ஆண்டு நின்றால் ஆண்டுக்கு 2,000. 60,000 ரூபாய்த் தேக்கு மேசை நாற்பது ஆண்டு நின்றால் ஆண்டுக்கு 1,500. இந்தக் கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: நாற்பது ஆண்டும் நீங்கள் அதை வைத்திருக்க வேண்டும். வாடகை வீட்டில் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாறுகிறவர்கள், குழந்தைகள் சிறியவர்களாக உள்ளவர்கள், கடன் வாங்கி வாங்க நினைப்பவர்கள் இப்போது எளியதை வாங்குங்கள். நல்ல சாமான் காத்திருக்கும். முதலீடு என்று சொல்லி விற்றால் காதில் வாங்காதீர்கள். வீட்டுச் சாமானை விற்கப் போகும்போது பெரும்பாலும் கிடைப்பது மரத்தின் விலை மட்டும்தான்.

பத்தாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

ஊஞ்சல் என்றால் கொக்கியை முதலில் கவனியுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்து 45 பாகை வரை வீசி ஆடினால், கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது சங்கிலி தாங்கும் பாரம் நிற்கும்போது உள்ளதைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டும். புதுவீடு கட்டுகிறவர்கள் தளம் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கொக்கியை வைத்துவிடுங்கள். கட்டிய வீடானால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் துளையிட வேண்டாம். கொக்கியும் சங்கிலியும் உரசும் வளையத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏணி வைத்துப் பாருங்கள். பித்தளை மென்மையானது, தேயும்.

செதுக்கல் பள்ளங்களுக்கு ஈரத்துணி வேண்டாம். வண்ணம் தீட்டும் தூரிகையில் மென்மையானதாக ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை தூசி தட்டினால் போதும். நேர் வெயிலும் ஏசியின் நேர்காற்றும் படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

பிரம்புப் பின்னல் தொய்ந்தால் உடனே மாற்றிவிடாதீர்கள். நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்து, நிழலில் ஒரு நாள் முழுதும் உலரவிடுங்கள். காயும்போது அது இறுகிக்கொள்ளும். அறுந்துபோனால் மறுபடி பின்னித் தருவதற்கு ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்; பார்வையற்றவர்கள் பலர் இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள். என் தாத்தாவின் சாய்வு நாற்காலிக்கு நான்காவது முறையாகப் பின்னல் போட்டவரும் அவர்களில் ஒருவர்தான். இரண்டு நாள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பின்னினார். முடித்ததும் பின்னலை விரல்களால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த பத்து ஆண்டுக்குக் கவலை இல்லை என்றார்.